வெள்ளைத் திரையைத் திணிக்காதீர்கள்

தமிழில் இணையதளங்களையும் செயலிகளையும் வடிவமைக்கிறவர்களுக்கு, அவற்றுக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு, அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருக்கிறவர்களுக்கு,



கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் பக்கங்களைப் படிக்கிறவர்களில் வெளிச்சம் தாங்காத கண்களோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். எங்கள் கைப்பேசியிலும் கணினியிலும் டார்க் மோடைப் போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பக்கம் ஒரே ஒரு வரியில் விசாரித்தால் போதும், இந்த வாசகருக்கு இருண்ட பின்னணிதான் வேண்டும் என்று உலாவி சொல்லிவிடும். சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றும் 2019-இலிருந்தே அதைச் சொல்லத் தயாராக இருக்கின்றன. ஆனால் நான் அன்றாடம் படிக்கும் தமிழ்த் தளங்களில் பல அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. திறந்தவுடன் திரை முழுக்க வெள்ளை வெளிச்சம்தான். தயவுசெய்து கேளுங்கள். கிடைக்கிற பதிலை மதியுங்கள்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சுக்குப் போகவிருக்கும் தமிழ்ப் பக்கங்களைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒற்று விடுபட்டிருக்கிறதா, வரி முறிந்த இடம் சரிதானா என்று பார்ப்பது என் பிழைப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வந்தால் ஜன்னலை மூடி, டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வலி இல்லாத நாளிலும் கண் கூசும் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இரண்டு வலிகளுக்கு இடைப்பட்ட நல்ல நாட்களிலும் மற்றவர்களைவிட வெளிச்சம் அதிகமாக உறைக்கும். அந்த நல்ல நாட்களில்தான் நாங்கள் வேலை பார்க்கிறோம், செய்தி படிக்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம். எந்த வெளிச்சம் அடுத்த வலியைக் கிளப்பிவிடுமோ என்ற கணக்கு மனத்தின் ஓரத்தில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை வெறும் ரசனை என்றோ, கொஞ்சம் செல்லமாக வளர்ந்த கண் என்றோ நினைப்பவர்களுக்காக, இதன் உடற்கூற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

விழித்திரையில் ஒளியை உணர்பவை கோல் செல்களும் கூம்பு செல்களும் என்று பள்ளியில் படித்தோம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு என்பது வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 1998-இல் இக்னாசியோ புரொவென்சியோவும் அவருடைய குழுவினரும் தவளையின் தோலில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 2002-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழுவினர், விழித்திரையின் நரம்புமுடிச்சுச் செல்களில் சில தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று காட்டினார்கள். இந்தச் செல்களில் இருப்பது அதே மெலனாப்சின்தான். உருவம் காட்டுவது இவற்றின் முதன்மை வேலை இல்லை. வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து கண்மணியைச் சுருக்குவது, உடலின் பகல்–இரவுக் கடிகாரத்தை ஓட்டுவது ஆகியவற்றில் இவற்றுக்குப் பெரிய பங்கு. நீல ஒளி இவற்றை அதிகமாகத் தூண்டும். திரையின் வெள்ளையில் நீலம் தாராளமாகவே இருக்கிறது.

2010-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராமி பர்ஸ்டீனின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் அசைத்தது அதுதான். ஒற்றைத் தலைவலியும் உள்ள பார்வையற்றவர்களை அவர்கள் இரண்டு பிரிவாகப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒளியே தெரியாது. மற்றவர்களுக்கு உருவம் தெரியாவிட்டாலும் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். முதல் பிரிவினருக்கு வெளிச்சத்தால் வலி கூடவில்லை. இரண்டாம் பிரிவினருக்குக் கூடியது. எழுத்தையோ முகத்தையோ பார்க்க முடியாத ஒருவரைக்கூட வெளிச்சம் வலிக்கச் செய்கிறது. அதே குழு எலிகளிடம் செய்த சோதனையில் அந்த வழியையும் பின்தொடர்ந்தது. மூளையுறையிலிருந்து வரும் வலிச் சமிக்ஞையும் கண்ணிலிருந்து வரும் ஒளிச் சமிக்ஞையும் மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரே நரம்பு செல்களில் வந்து சேர்கின்றன. அந்த இடத்தில் வெளிச்சம் என்பது வலியோடு கூடுகிற இன்னொரு வலி. 2016-இல் அவர்கள் நிறங்களைத் தனித்தனியாகச் சோதித்தபோது வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாமே வலியைக் கூட்டின. குறுகிய அலைவரிசைப் பச்சை ஒன்றுதான் மிகக் குறைவாகத் தொல்லை கொடுத்தது.

தலைவலிக்காரர்கள் மட்டும் இதில் இல்லை. யுவியைட்டிஸ் என்ற கண்ணின் உள்அழற்சி, கருவிழியில் விழுந்த கீறல், கண் வறட்சி, தலையில் அடிபட்ட பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் கூச்சம் என்று பட்டியல் நீளும். தோலிலும் கண்ணிலும் நிறமி குறைந்து பிறப்பவர்களுக்கு, விழியின் வண்ணத்திரை தடுக்க வேண்டிய ஒளி தடுக்கப்படாமல் உள்ளே வந்துவிடும். கூம்பு செல்கள் வேலை செய்யாமல் பிறப்பவர்களுக்கு நிறமே தெரியாது, பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறப்பதே சிரமம். பசிபிக் கடலின் மைக்ரோனேசியாவில் பிங்கெலாப் என்ற சிறு தீவு இருக்கிறது. 1775 வாக்கில் வீசிய ஒரு புயலில் அங்கே மிகச் சிலரே தப்பினார்கள். அவர்களில் ஒருவர் வழியாக இந்தக் குறை தலைமுறைகளுக்குப் பரவியது. இன்றைக்கும் அங்கே உலகின் வேறெந்த இடத்தையும்விட மிக அதிக விகிதத்தில் மக்களுக்கு இது இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அந்தத் தீவுக்குப் போனபோது, இதே குறையுடன் பிறந்த நார்வே விஞ்ஞானி கனுட் நோர்ட்பியையும் உடன் அழைத்துப் போனார். பகலில் கண்ணை இடுக்கிக்கொண்டு நடக்கும் அந்தத் தீவுவாசிகள் இரவு மீன்பிடிப்பில் கெட்டிக்காரர்கள் என்று சாக்ஸ் எழுதியிருக்கிறார். வெளிச்சத்தின் அளவு மாறினால் ஒருவருடைய திறனும் மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் படித்ததில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்ப்போம். கண்புரை விழுந்த கண்ணில் லென்ஸ் மங்கி, உள்ளே வரும் ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது. வெள்ளைப் பின்னணி முழுக்க ஒளியை உமிழும்போது அந்தச் சிதறல் எழுத்தின் மேலேயே ஒரு வெண்மூட்டமாகப் படிகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக் குழுவினர் 1985-லேயே இதை அளந்து பார்த்தார்கள். கண்ணின் ஒளி ஊடகம் கலங்கியவர்கள் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை இன்னும் வேகமாகப் படித்தார்கள். மதுரையில் 1976-இல் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதே கண்புரையால் வீணாகப் பறிபோகும் பார்வையை மீட்கத்தான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு தாத்தா அதுவரை பேப்பர் படிப்பது போனில்தான். உங்கள் வெள்ளைப் பக்கம் அவருக்குப் பனிமூட்டம் போலத் தெரிகிறது.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குப் பழக்கம்.

பிரைட்னஸைக் குறைத்துக்கொள்ளலாமே என்பது முதல் பதில். குறைத்துத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் திரை ஒளியைக் குறைத்தால் பகல் வெளிச்சமுள்ள அறையில் எழுத்தும் மங்கிவிடும், உற்றுப் பார்த்தே கண் சோரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஓலெட் திரையுள்ள பல கைப்பேசிகள், ஒளியைக் குறைக்கும்போது விளக்கைத் தாழ்த்துவதில்லை. நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றித்தான் மங்கலாகக் காட்டுகின்றன. பெரும்பாலோருக்கு அது தெரியாது. சிலருக்கு அந்த மினுக்கமே தலைவலியைத் தரும். பிரைட்னஸை ஏற்றினால் கூசுகிறது, இறக்கினால் மினுக்குகிறது என்று இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவருக்குப் பின்னணியின் நிறம் ஒன்றுதான் வழி.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளச் சொல்வது இரண்டாவது. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டே இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் மோசமாகும் என்பதால் கண் மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். ரோஜா நிறச் சாயம் ஏற்றிய எஃப்.எல்.-41 என்ற கண்ணாடி ஒன்று உண்டு. குழல்விளக்கு தாங்காதவர்களுக்காக உருவானது. ஒற்றைத் தலைவலி உள்ள குழந்தைகளிடம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், அதைப் போட்டவர்களுக்கு வலி வருவது குறைந்தது. உதவுகிற பொருள்தான். ஆனால் எல்லா ஊர்க் கண்ணாடிக் கடையிலும் அது கிடைத்துவிடாது.

மூன்றாவது, நிறத்தைத் திருப்பிப் போடும் நீட்சி ஒன்றை உலாவியில் நிறுவிக்கொள்ளச் சொல்வது. டார்க் ரீடர் போன்றவற்றை எழுதி இலவசமாகத் தந்தவர்களுக்கு நான் உண்மையிலேயே நன்றிக்கடன் பட்டவள். ஆனால் அது செயலிகளுக்குள் வேலை செய்யாது. அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி கிடைக்காது. விலை குறைந்த கைப்பேசியில் பக்கம் நத்தையாகிவிடும். ஒட்டுமொத்தமாக நிறத்தைத் திருப்பும் வசதிகள் சில, ஒளிப்படத்தில் இருக்கும் மனிதரைப் பழைய நெகட்டிவ் ஆக்கிவிடுகின்றன. மாவட்ட வாரியாக வண்ணம் தீட்டிய வானிலை வரைபடத்தில் சிவப்பு எச்சரிக்கை வேறு நிறத்தில் வந்து நிற்கும். மழைக்காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் பலருக்குக் கூர்மையாகத் தெரியும். ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃபில் கொசிமா பீப்பன்பிராக் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இளையவர், முதியவர் இரு தரப்பினரும் வெளிர் பின்னணியில்தான் நன்றாகப் படித்தார்கள். வெளிச்சம் கூடும்போது கண்மணி சுருங்குகிறது, பிம்பம் கூர்மையாகிறது. அதனால் அது இயல்புதான். விழிக்கோட்டம் உள்ளவர்களுக்கு இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து கசிந்து நிழல் விழுந்தாற்போல் தெரியும். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான். டார்க் மோடில் பத்து வரி படிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துவிடும். ஆகவே எல்லாத் தளத்தையும் கறுப்பாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் என் தோழியை வெளியே தள்ளிவிட்டு என்னை உள்ளே விட்டதாக ஆகும். சிலர் இப்போது நவீனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வாசகரைக் கேட்காமலே தளத்தைக் கறுப்பில் வைக்கிறார்கள். அதுவும் இதே தவறுதான். வெள்ளையோ கறுப்போ, தீர்மானிக்க வேண்டியவர் அந்தக் கண்ணுக்கு உரியவர்.

வெள்ளைதான் இயற்கை, கறுப்பு ஒரு சலுகை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1970-களின் கணினி முனையங்களில் பெரும்பாலும் கறுப்புத் திரையில் வெளிர் நிற எழுத்துதான் ஓடியது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்ட்டோ, 1981-இல் அதன் ஸ்டார், 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் என்று வரிசையாக வந்த கணினிகள் திரையைக் காகிதம் போலாக்கின. அலுவலக வேலைக்கு அது வசதி, அச்சில் வரப்போவது அப்படியே திரையில் தெரிந்தது. ஆனால் காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் இருக்கும் ஒளியைத்தான் அது திருப்பித் தரும், அறையை மிஞ்சிப் பிரகாசிக்காது. திரை அப்படி இல்லை. விளக்கணைத்த அறையிலும் அது தன் போக்கில் எரியும். காகிதத்தின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அடக்கத்தை விட்டுவிட்டோம். கறுப்பில் வெள்ளை எழுத்து நமக்கு அந்நியமும் இல்லை. அகரம் எழுதிப் பழகிய சிலேட்டும், அதற்கு எதிரே சுவரில் இருந்த கரும்பலகையும் அதுதானே.

இனி தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். என் தொழில் இதுதான் என்பதால் இங்கே சற்று நேரம் நிற்க அனுமதியுங்கள்.

ஆங்கிலத் தளத்துக்காகச் செய்த டார்க் மோடை அப்படியே தமிழுக்குப் போட்டால் போதாது. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணை, ஙூ போன்றவற்றில் கோடுகள் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும். இருட்டில் வெள்ளைக் கோடு தன் எல்லையைத் தாண்டிச் சற்றுப் பரவித் தெரிவதால், சுழிக்குள் இருக்கும் சிறு வெளி அடைபட்டுப் போகிறது. ண எது, ன எது என்று ஒரு கணம் தடுமாற்றம் வரும். அதைவிடப் பெரிய கவலை புள்ளி. வெளிச்சம் பரவினால் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்து சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் புள்ளிதான் முதலில் கரையும். பல் என்பது பல ஆகும், கண் என்பது கண ஆகும். ஒற்று எங்கே என்று தேடுவது என் பிழைப்பு என்றேன். வாசகருக்கும் அந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

தீர்வுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சுத்தக் கறுப்பைத் தவிர்த்து, கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி பரிந்துரைத்த #121212 போன்ற அடர்சாம்பலைப் பின்னணியாக வையுங்கள். எழுத்தையும் சுத்த வெள்ளையாக வைக்காமல் ஒரு படி தணித்து வையுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான ஒளிவேறுபாடு 21-க்கு 1. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்த அளவு 4.5-க்கு 1. இந்த இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் 4.5-இன் விளிம்பிலேயே தமிழை நிறுத்தாதீர்கள், புள்ளிக்காகச் சற்று மேலேயே வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவின் தடிமன் 100 முதல் 900 வரை கிடைக்கிறது. இருண்ட பின்னணியில் எழுத்து தடித்துத் தெரியும் என்பதால் தடிமனை ஒரு சிட்டிகை குறைத்துப் பாருங்கள். ஈகார, ஊகாரக் குறிகள் மேலும் கீழும் இடிக்காதபடி வரி இடைவெளியைக் கூட்டுங்கள். இணைப்புகளின் வழக்கமான அடர்நீலம் கறுப்பில் கண்ணுக்கே தெரியாது, அதை வெளிர்நீலமாக்குங்கள். முக்கியச் செய்திக்கென்று ஓடவிடும் செக்கச்சிவந்த பட்டையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

அடுத்தது, பக்கம் திறக்கும்போது ஒரு நொடி வெள்ளையாக வெட்டிவிட்டு அப்புறம் கறுப்பாகிற அந்தப் பளிச்சிடல். டார்க் மோடே இல்லாத தளத்தைவிட இது கொடுமை. ஏனென்றால் நம்பிக்கையோடு திறக்கிறோம். இருட்டறையில் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் விழும் அந்த ஒரு நொடி வெளிச்சம், தளும்பிக்கொண்டிருக்கும் தலைவலியைக் கவிழ்த்துவிடும். காரணம் உங்களுக்கே தெரியும். முதலில் வெள்ளைப் பக்கத்தை வரைந்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் எழுந்து வந்து நிறத்தை மாற்றும்வரை காத்திருக்கிறீர்கள். வாசகரின் விருப்பத்தை அறியும் வேலையைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே, எதையும் வரையும் முன்பே முடித்துவிடுங்கள். இந்தப் பக்கம் இரண்டு நிறத்துக்கும் தயார் என்று உலாவிக்கு அறிவிக்கும் கலர்-ஸ்கீம் குறிப்பையும் அங்கேயே வையுங்கள். அப்போது வெற்றுத் திரையே இருட்டாக வரும். செயலி என்றால் சின்னம் தோன்றும் முதல் திரையையும் மறக்காதீர்கள். உள்ளே எல்லாம் இருட்டாக இருக்க, அந்த முதல் திரை மட்டும் வெள்ளையாக விட்டுப்போன செயலிகள் என் கைப்பேசியிலேயே இருக்கின்றன.

பாதி இருட்டும் இதே வகைதான். கட்டுரை கறுப்பில் இருக்கும், நடுவில் விளம்பரப் பெட்டி வெள்ளையாக எரியும். செயலி கறுப்பில் இருக்கும், உள்ளே ஓர் இணைப்பைத் தொட்டால் திறக்கும் வலைப்பக்கம் வெள்ளையாக இருக்கும். விருப்பத்தைக் கேட்கும் பொத்தானில் இருண்டது, வெளிர், கருவியின் அமைப்புப்படி என்று மூன்று தேர்வு வையுங்கள். சூரியன் மறைந்ததும் தானாகக் கறுப்பாவது மட்டும் போதாது. எங்களுக்குப் பகலிலும் கூசும்.

தமிழ் இணையத்தில் இன்னொரு பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சொல்ல வேண்டியதை எழுத்தாகப் போடாமல் படமாகப் போடுவது. மழை விடுமுறை அறிவிப்பு, மின்தடை நேரம், கவிதை, இரங்கல், தேர்வு முடிவு எல்லாமே வெள்ளைப் பின்னணிப் படமாக வருகின்றன. அரசாணைகள் பல, கையெழுத்தும் முத்திரையுமாக வருடியெடுத்த பி.டி.எஃப். கோப்புகள். எழுத்துரு கிடைக்காமல், குறியாக்கம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திண்டாடிய காலத்தில் இந்தப் பழக்கம் வந்தது, அப்போது அது தேவைப்பட்டது. இன்று ஒருங்குறியில் தமிழ் எல்லாக் கைப்பேசியிலும் ஓடுகிறது. படத்துக்குள் அடைத்த எழுத்தை எந்த டார்க் மோடாலும் மாற்ற முடியாது, பெரிதாக்கினால் கலங்கும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதன் முன்னே ஊமையாகும். எழுத்தை எழுத்தாகவே போட்டால் எங்களோடு சேர்த்து அவர்களுக்கும் வழி திறக்கும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது கட்டணப் பக்கம். சில மாதங்களுக்கு முன், கட்டணம் கட்டக் கடைசி நாளன்று எனக்குக் கடும் தலைவலி. அந்தத் தளம் வெள்ளை. அதிலிருந்து தாவிய பணப் பக்கம் இன்னும் வெள்ளை, மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பாதியில் கண்ணை மூட வேண்டியிருந்தது, நேரம் முடிந்து பக்கம் காலாவதியானது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, கைப்பேசியை அவன் கையில் கொடுத்து, ஓ.டி.பி.யையும் அவனையே பார்க்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, எனக்கு நம்பிக்கை உண்டு. எல்லோருக்கும் அப்படி ஒரு பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கமாட்டான். ஓ.டி.பி.யை யாரிடமும் பகிராதீர்கள் என்று ஓயாமல் எச்சரிக்கும் நீங்களே, அதைப் பகிர்ந்தால்தான் பணம் கட்ட முடியும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்துகிறீர்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பச் சேவைகள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009-இலிருந்து இருக்கின்றன, 2023-இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில், அணுகல்தன்மையைப் பரிந்துரையாக விட்டுவிடாமல் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் சொன்னது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும், கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பை முடிக்க முடியாமல் தொடுத்த வழக்கு அது. டார்க் மோட் கட்டாயம் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. சொல்லவில்லைதான். ஆனால் எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் வாசகரே தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும் என்ற விதி 2008-இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பிலேயே, உச்சப் படிநிலையில் இடம்பெற்றிருக்கிறது. எட்ட வேண்டிய இடம் எது என்று வெகுநாள் முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள்.

பணம் ஒதுக்குகிறவர்களிடம் இரண்டு சொல். டார்க் மோட் பேட்டரியை மிச்சப்படுத்தும் என்று சொல்லி உங்களை யாராவது சம்மதிக்க வைத்தால், அது பாதி உண்மை. பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் ஓலெட் திரைகளில் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சமானது. வீட்டுக்குள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். பேட்டரிக்காகச் செய்யாதீர்கள், வாசகருக்காகச் செய்யுங்கள். அடுத்தது, இந்த வசதியைச் சந்தாவுக்குப் பின்னால் பூட்டி வைக்காதீர்கள். கூடுதல் கட்டுரைக்குக் காசு கேளுங்கள், கொடுக்கிறோம். இருக்கிற கட்டுரையை வலியில்லாமல் படிக்கக் காசு கேட்பது நியாயம் இல்லை.

செய்து முடித்ததை எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில், அலுவலக விளக்குகளின் கீழ், விலை உயர்ந்த கணினித் திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு, விலை குறைந்த ஒரு கைப்பேசியில், மெதுவான இணையத்தில், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு உங்கள் பக்கத்துக்குள் வாருங்கள். முகப்பில் நின்றுவிடாமல் தேடல், உள்நுழைவு, பணம் கட்டுதல், ரசீது இறக்குதல்வரை போங்கள். எங்காவது முகத்தைத் திருப்பத் தோன்றினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சமுள்ள கண்களோடு வாழ்கிறவர்கள் சிலரையும் உங்கள் சோதனைக் குழுவில் சேர்த்து, அவர்களுடைய நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுங்கள். வரச் சொன்னால் நானும் வருவேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது என்பது புரிகிறது. வரிசை கேட்டால் என் வரிசை இது. முதலில் கட்டணப் பக்கமும் உள்நுழைவுப் பக்கமும், பிறகு அந்த ஒரு நொடி வெள்ளை வெட்டு, அதன் பிறகு அறிவிப்புகளை எழுத்தாக மாற்றுவது. எழுத்துருவின் தடிமனைப் பற்றி அதற்கப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். புள்ளிகளைப் பார்த்துத் தர நான் தயார்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களைத் தினமும் படிக்கும் ஒரு மெய்ப்புத் திருத்துநர்